பேலியோவா, கீட்டோவா? எடை குறைக்க நினைக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் வீடுகளில் இன்று யாராவது ஒருவர் "டயட்டில்" இருக்கிறார். ஒருவர் பேலியோ என்கிறார், இன்னொருவர் கீட்டோ என்கிறார். இரண்டு பேரும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு முட்டையும் இறைச்சியும் சாப்பிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆனால் இவை வெவ்வேறு நோக்கத்தில் பிறந்த முறைகள். எதைத் தொடங்குகிறோம் என்று தெரியாமல் தொடங்குவதால் சிலருக்குப் பணம்தான் வீணாகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கோ உயிருக்கே ஆபத்து வரக்கூடும்.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களையும், மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலால் பெயர் பெற்ற சீயமங்கலம் போன்ற கிராமங்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். நெல்லும் மல்லாட்டையும் கம்பும் கேழ்வரகும் விளையும் இந்த மண்ணில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் எழுதப்பட்ட உணவுப் பட்டியலை அப்படியே பின்பற்ற முடியுமா என்பதும் நம் கேள்விதான்.

ஏன் இந்தக் கவலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 39.5 விழுக்காடு.

நம் உணவில் கிடைக்கும் மொத்த ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பதும் இதே ஆய்வின் கண்டுபிடிப்பு. அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, தீட்டிய கோதுமை, சர்க்கரை ஆகியவை.

நம் உடல்வாகுக்கு எடை அளவுகோலும் வேறு. உடல் நிறை குறியெண் 23ஐத் தொட்டாலே நமக்குக் கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் போகக் கூடாது. வீட்டிலிருக்கும் தையல் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டும் எங்கிருந்து வந்தன?

முதலில் கீட்டோ. இது எடை குறைப்பதற்காகத் தோன்றிய முறையே அல்ல. பட்டினி கிடக்கும்போது வலிப்பு நோயாளிகளுக்கு வலிப்பு குறைவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் எவ்வளவு நாள்தான் பட்டினி போட முடியும்? 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகமாகக் கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டே உடலைப் பட்டினி நிலைக்குக் கொண்டுவரலாம் என்பதே அது. அந்த நிலையில் கல்லீரல் கொழுப்பை உடைத்து "கீட்டோன்" என்ற பொருளை உண்டாக்கும். மூளையும் தசையும் சர்க்கரைக்குப் பதில் அதை எரிபொருளாகப் பயன்படுத்தும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் இந்த உணவு கொடுக்கப்படுகிறது. எடை குறைக்கும் முறையாக இது பரவியது பின்னால்தான்.

அடுத்தது பேலியோ. பழைய கற்காலத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரின் சுருக்கம் இது. வேளாண்மை தொடங்கும் முன் மனிதன் வேட்டையாடியும் பறித்தும் உண்டான். நம் உடல் அந்த உணவுக்கே பழகியது, தானியம் பிற்காலத்தில் வந்தது என்பதுதான் இதன் அடிப்படை வாதம். 1985இல் ஈட்டன், கானர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் இதைப்பற்றி எழுதினார்கள். 2002இல் லோரன் கார்டைன் எழுதிய புத்தகம் இதை உலகமெங்கும் கொண்டுசென்றது. கற்கால மனிதன் உண்மையில் என்ன சாப்பிட்டான் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்றும், காட்டுத் தானியங்களையும் கிழங்குகளையும் அவன் உண்டதற்குத் தடயங்கள் உண்டு என்றும் அகழாய்வாளர்கள் கூறுகிறார்கள். எனவே அந்த வாதத்தை வரலாறு என்று எடுத்துக்கொள்ளாமல், ஓர் உணவு ஒழுங்கு என்ற அளவில் எடுத்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், பேலியோ "எந்த உணவு" என்று கேட்கிறது. கீட்டோ "எத்தனை கிராம்" என்று கேட்கிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

எதில் ஒத்துப்போகின்றன?

சர்க்கரை, வெல்லம் போட்ட இனிப்புகள், மைதா, பரோட்டா, பிஸ்கட், ரொட்டி, குளிர்பானம், பாக்கெட் நொறுக்குகள் ஆகியவற்றை இரண்டு முறைகளும் விலக்குகின்றன. அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு ஆகியவையும் இரண்டிலும் கிடையாது. முட்டை, மீன், கோழி, ஆட்டிறைச்சி, கீரை, நாட்டுக் காய்கறிகள், தேங்காய், பாதாம், அக்ரூட் ஆகியவை இரண்டிலும் உண்டு.

பலன் கிடைப்பதற்கான முதல் காரணமும் இந்தப் பொதுவான பட்டியலிலேயே இருக்கிறது. சராசரியாகச் சாப்பிடும் ஒருவரின் ஒரு நாளைக் கணக்கிடுவோம். காலையில் நாலு இட்லி என்றால் ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து. மதியம் மூன்று கோப்பைச் சோறு சுமார் 135 கிராம். சர்க்கரை போட்ட தேநீர் மூன்று முறையும் சில பிஸ்கட்டுகளும் 40 கிராம். இரவில் மூன்று தோசை 60 கிராமுக்கு மேல். மொத்தம் 275 கிராம். இதில் பிரியாணி, சமோசா, பழச்சாறு எதையும் நாம் சேர்க்கவில்லை.

எங்கே பிரிகின்றன?

மாவுச்சத்து: கீட்டோவில் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரைதான். அதைத் தாண்டினால் கீட்டோன் நிலை கலைந்துவிடும். உண்மையான பேலியோவில் இப்படி ஒரு வரம்பு இல்லை. பழமும் கிழங்கும் சேர்ப்பவர்களுக்கு 100, 150 கிராம் வரைகூடப் போகும்.

கொழுப்பு: கீட்டோவில் மொத்த ஆற்றலில் 70 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பிலிருந்து வர வேண்டும். புரதம் நடுத்தர அளவுதான். "கீட்டோ என்றால் வயிறு நிறைய இறைச்சி" என்று நினைப்பது தவறு. பேலியோவில் கொழுப்புக்குக் கணக்கு இல்லை. கார்டைன் கொழுப்பு குறைந்த இறைச்சியையே பரிந்துரைத்தார்.

பால் பொருள்கள்: கார்டைன் சொன்ன பேலியோவில் பால், தயிர், வெண்ணெய், பன்னீர் எதற்கும் இடமில்லை. கீட்டோவில் வெண்ணெய், நெய், பன்னீர், சீஸ் தாராளம். பால் மட்டும் அதிலுள்ள சர்க்கரையால் அளவோடு.

பழங்கள்: பேலியோவில் பழம் உண்டு. கீட்டோவில் ஒரு நடுத்தர வாழைப்பழமே சுமார் 27 கிராம் மாவுச்சத்து. ஒரே பழத்தில் அன்றைய கணக்கு முடிந்துவிடும். கொய்யாவில் ஒரு துண்டு, நெல்லிக்காய், எலுமிச்சை என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பேரீச்சை, தேன்: பேலியோ இரண்டையும் சிறிதளவு ஏற்கிறது. கீட்டோ ஏற்பதில்லை. சாதாரணப் பேரீச்சை ஒன்றில் 5 முதல் 6 கிராம், பெரிய மெட்ஜூல் வகையில் சுமார் 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது.

கிழங்கு: சர்க்கரைவள்ளி 100 கிராமில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. பேலியோவில் பலர் சேர்க்கிறார்கள். கீட்டோவில் கூடாது.

செயற்கை இனிப்பு: பேலியோ விலக்குகிறது. கீட்டோ அனுமதிக்கிறது.

மல்லாட்டை: இது நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது. நிலக்கடலை பெயரில்தான் கடலை. செடியின் இனத்தைப் பார்த்தால் அது பருப்பு வகை. அதனால் பேலியோ அதை ஒதுக்குகிறது. கீட்டோ இனத்தைப் பார்ப்பதில்லை, கிராமைத்தான் பார்க்கிறது. 100 கிராம் மல்லாட்டையில் நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து 8 கிராமுக்குள்தான், புரதமோ சுமார் 25 கிராம். எனவே அளவோடு சேர்க்கலாம். நம் கொல்லையில் விளைவதை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பாதாமை வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, கீட்டோவில் "வேண்டாம்" என்ற பதிலாவது கிடைக்கிறது.

தமிழ்நாட்டுப் பேலியோ என்பது எது?

தமிழ்நாட்டில் நடக்கும் பேச்சில் பெரிய குழப்பமே இங்குதான். நம் ஊரில் "நான் பேலியோ" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கார்டைன் சொன்னதைச் செய்வதில்லை. நியாண்டர் செல்வன் எழுதிய "பேலியோ டயட்" நூலும் "ஆரோக்கியம் & நல்வாழ்வு" என்ற முகநூல் குழுவும் தமிழர்களிடையே பரப்பிய முறையைச் செய்கிறார்கள். காலையில் 100 பாதாம் அல்லது வெண்ணெய் தேநீர், மதியம் முட்டையும் காய்கறியும், இரவில் இறைச்சி அல்லது மீன், சைவர்களுக்குப் பன்னீர் என்று போகும் அந்தப் பட்டியல். மாவுச்சத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராமில் அடக்கும்.

வெண்ணெய், நெய், பன்னீர் எல்லாம் இருக்கின்றன. பழமும் கிழங்கும் கிடையாது. மாவுச்சத்து 40 கிராம். கணக்கைப் பார்த்தால் இது பேலியோவைவிடக் கீட்டோவுக்கே நெருக்கம். பெயர் பேலியோ என்பதால் இது மென்மையான முறை என்று எண்ணி, கீட்டோவுக்குரிய எச்சரிக்கைகளை விட்டுவிடக் கூடாது. உங்கள் தட்டில் 50 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்துதான் இருக்கிறது என்றால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் கீழே சொல்லும் எச்சரிக்கைகள் அனைத்தும் உங்களுக்குப் பொருந்தும்.

இந்த முறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அதை யாரும் தவிர்க்க வேண்டாம்.

எடை எப்படிக் குறைகிறது?

முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ சட்டென்று இறங்கும். பலரும் அதைப் பார்த்துப் பூரித்துப்போகிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி தண்ணீர். நம் கல்லீரலும் தசையும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. மீண்டும் சோறு சாப்பிட்டால் அந்த எடை அப்படியே திரும்பும்.

அதற்குப் பிறகு குறைவதே கொழுப்பு. அது குறையக் காரணம் மந்திரம் எதுவும் இல்லை. புரதமும் கொழுப்பும் பசியை அடக்குகின்றன, இடைத்தீனி நிற்கிறது, மொத்தத்தில் சாப்பிடும் கலோரி குறைகிறது. இதை மறந்துவிட்டு "மாவுச்சத்து இல்லையே" என்று பாதாமையும் நெய்யையும் அளவில்லாமல் எடுத்தால் எடை நின்றுபோகும். 100 பாதாம் என்பது சுமார் 120 கிராம். அதில் ஏறத்தாழ 700 கலோரி இருக்கிறது. அது ஒரு வேளை முழு உணவு. கொறிப்பதற்கானது அல்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பேலியோ பற்றிய நல்ல ஆய்வு ஒன்று ஸ்வீடனில் உமியோ நகரில் நடந்தது. முடிவு 2014இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எடை கூடிய 70 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பேலியோவும் மற்றவர்களுக்கு அந்நாட்டின் வழக்கமான சத்துணவுப் பரிந்துரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பேலியோக்காரர்களுக்கு 6.5 கிலோ கொழுப்பு குறைந்தது, மற்றவர்களுக்கு 2.6 கிலோ. இரண்டு ஆண்டு முடிவில் அது 4.6க்கு 2.9 என்று நெருங்கிவிட்டது. புள்ளியியல்படி சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

கீட்டோ பற்றி 13 ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பு 2013இல் வந்தது. ஓராண்டுக்கு மேல் கடைப்பிடித்தவர்களிடம், கொழுப்பு குறைந்த உணவு உண்டவர்களைவிட கீட்டோக்காரர்களுக்குக் கூடுதலாகக் குறைந்த எடை சராசரியாக ஒரு கிலோவுக்குள்தான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் பயனுள்ளது. சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ உள்ளவர்களை 12 வாரம் கீட்டோவிலும், 12 வாரம் மத்தியதரைக் கடல் உணவு முறையிலும் வைத்துப் பார்த்தார்கள். பின்னதில் பருப்பு, பழம், முழுத்தானியம் உண்டு. இரண்டிலுமே சர்க்கரையும் மைதாவும் நீக்கப்பட்டு, காய்கறி கூட்டப்பட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. எடையும் அப்படியே: 8 விழுக்காடு, 7 விழுக்காடு. ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கீட்டோவில் கூடியது, மற்றதில் குறைந்தது.

பலனில் பெரும்பகுதி சர்க்கரையையும் மைதாவையும் விடுவதிலிருந்தே வருகிறது என்று இதிலிருந்து விளங்குகிறது. பருப்பையும் பழத்தையும் விடுவதால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிது. விடாமல் தொடர்வதோ கடினம்.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது, இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும்.

இரண்டாவது, டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள். இம்மருந்தோடு கீட்டோவும் சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அமில நிலை வரக்கூடும். அப்போது சர்க்கரை அளவு இயல்பாகவே காட்டலாம் என்பதால் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வந்தால் மருத்துவமனைக்குப் போய், எடுக்கும் மாத்திரையின் பெயரையும் உணவு முறையையும் உடனே சொல்லுங்கள்.

மூன்றாவது, முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், யூரிக் அமிலம் கூடியவர்கள், கல்லீரல் நோயாளிகள். நான்காவது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும். ஐந்தாவது, வளரும் பிள்ளைகள். பள்ளிப் பிள்ளைக்கு எடை கூடியிருந்தால் குளிர்பானத்தையும் பாக்கெட்டையும் நிறுத்தி விளையாட விடுவதே வழி; பெரியவர்களின் டயட்டை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது.

இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் முதல் வாரங்களில் அழுத்தம் தாழலாம். உடலிலிருந்து உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறுவதால் தலைவலி, சோர்வு, கால் இழுப்பு, மலச்சிக்கல் வருவதும் உண்டு. தண்ணீரும் கீரையும் காய்கறியும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பைக் கூட்டுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

நம் குடும்பங்களுக்குரிய சில விஷயங்கள்

ஹலால்: மேலைநாட்டுக் கீட்டோ, பேலியோ சமையல் குறிப்புகளில் பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சர்வசாதாரணம். அவற்றுக்குப் பதில் ஆட்டிறைச்சி, கோழி, மீன், நெய் போதும், கணக்கு மாறாது. அதைவிடக் கவனம் தேவைப்படுவது புரதப் பொடி, கேப்சூல், கொலாஜன், இனிப்பு மிட்டாய் போன்றவற்றில். ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். உண்மையில் இரண்டு முறைகளுக்குமே இந்தப் பொருள்கள் எதுவும் அவசியமில்லை.

விருந்து: வலீமா, பெருநாள், ஊர் விருந்து என்று வந்தால் கபாப், வறுத்த மீன், ஆட்டுக்கால் பாயா, ஈரல், கீமா எல்லாம் இரண்டு முறைக்கும் பொருந்தும். சோளமாவு பூசிப் பொரித்த கோழியும், பொட்டுக்கடலை அரைத்து ஊற்றிய குருமாவும், தால்சாவும் பொருந்தாது. பிரியாணியில் கறியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் சோற்றைத் தட்டில் வாங்கி வீணாக்காமல், பரிமாறுபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வயிற்றை முழுவதும் நிரப்பாமல் இடம் விட்டு உண்பதும், உணவை வீணாக்காமல் இருப்பதும் நமக்குச் சொல்லித்தரப்பட்ட ஒழுங்குகள்தாமே.

ரமளான்: புதிதாக ஒரு டயட்டைத் தொடங்கும் மாதம் அதுவல்ல. பகல் முழுவதும் தண்ணீர் இல்லாத நேரத்தில், தண்ணீரை இழக்கச் செய்யும் கீட்டோவின் முதல் வாரமும் சேர்ந்தால் உடல் தளர்ந்துபோகும். ஏற்கெனவே பழகியவர்கள் ஒரு பேரீச்சையில் நோன்பைத் திறந்து, தண்ணீர், இறைச்சி சூப், காய்கறி என்று தொடரலாம். வடை, சமோசா, சர்பத் ஆகிய மூன்றையும் விட்டாலே ரமளானில் எடை கூடாது. சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

செலவு: ஒருவருக்குத் தினம் 120 கிராம் பாதாம் என்றால் மாதம் மூன்றரைக் கிலோவுக்கு மேல். இத்துடன் தினமும் நாலு முட்டை, கால் கிலோ இறைச்சி. உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் இவ்வளவு செலவிட்டால் மற்றவர்கள் தட்டில் குறைவு விழும். பெரும்பாலும் அந்தக் குறைவு வீட்டுப் பெண்களின் தட்டில்தான் விழுகிறது. பாதாம் கட்டாயமில்லை. முட்டையே போதும், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு, மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை.

சமையல் வேலை: ஒருவருக்கு டயட், மற்றவர்களுக்குச் சோறு என்றால் அடுப்படியில் நிற்பவருக்கு இரட்டை வேலை. டயட் எடுப்பவர் அந்த வேலையில் பாதியைத் தாமே செய்ய வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், சோறு மட்டும் வேண்டியவருக்கு என்று அமைத்துக்கொண்டால் சண்டை இல்லாமல் நீடிக்கும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

சர்க்கரை நோய் இல்லாதவர், மருந்து எதுவும் எடுக்காதவர், கணக்குப் பார்க்க விரும்பாதவர், பழத்தை விட முடியாதவர் என்றால் இரண்டில் பேலியோ எளிது. பாலை விட முடியாது, மல்லாட்டையை விட முடியாது, ஆனால் கிராம் கணக்கு வைக்கப் பொறுமை உண்டு, மருத்துவர் துணையும் உண்டு என்பவர் கீட்டோவைச் சில மாதங்களுக்கு முயலலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் இரண்டையுமே தாமாகத் தொடங்கக் கூடாது.

இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மேலே சொன்ன இந்தியாப் ஆய்வுக் குழு, 18,090 பேரின் உணவு விவரங்களை வைத்து 2022இல் ஒரு கணக்கு வெளியிட்டது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிலிருந்து மீள, ஆற்றலில் மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 19 முதல் 20 விழுக்காடு, கொழுப்பு 21 முதல் 26 விழுக்காடு என்று இருக்க வேண்டும் என்கிறது அது. சோற்றை முழுவதும் ஒழிக்கச் சொல்லவில்லை. 62ஐ 50 பக்கம் கொண்டுவந்து, அந்த இடத்தில் புரதத்தை வைக்கச் சொல்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும், தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 2,000 கலோரி உணவுக்கு அந்நிறுவனம் தரும் அளவில் தானியம் 250 கிராம். காய்கறியோ 400 கிராம். நம் வீட்டுத் தட்டு பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்.

இதை நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்:

- காலை: இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது பச்சைப்பயறு. இட்லி என்றால் இரண்டு, சாம்பார் கூடுதலாக.
- மதியம்: முதலில் காய்கறியும் கீரையும் பாதித் தட்டு, மீனோ கோழியோ பருப்போ கால் தட்டு, சோறு ஒரு கோப்பை. இரண்டாம் முறை கேட்டால் கூட்டும் பொரியலும் மட்டும்.
- மாலை: சர்க்கரை இல்லாத தேநீர், வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி.
- இரவு: ஏழு, எட்டு மணிக்குள் இரண்டு தோசை அல்லது கம்பு அடை, முட்டை அல்லது கறிக் குழம்பு. அதன்பின் எதுவும் இல்லை.
- தினமும் அரை மணி நேர நடை. பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டுவிட்டு நடந்து போய்வந்தாலே அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

கேழ்வரகும் கம்பும் தானியம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். நார்ச்சத்து கூடுதல் என்பதால் நல்லவை. ஆனால் சொம்பு நிறையக் கூழ் குடித்தால் அதுவும் மாவுச்சத்துதான்.

தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், கிரியாட்டினின், யூரிக் அமிலம், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எடை இறங்கியும் எல்.டி.எல். ஏறியிருந்தால் அந்த முறை உங்கள் உடலுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். 80 கிலோ இருப்பவர் நாலு கிலோ குறைத்தாலே, அதாவது 5 விழுக்காடு குறைத்தாலே, சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

உங்களால் இரண்டு ஆண்டு கழித்தும் முகம் சுளிக்காமல் தொடர முடிகிற உணவு எதுவோ, உங்கள் வீட்டு வருமானத்துக்குள் அடங்குவது எதுவோ, உங்கள் இரத்தப் பரிசோதனை ஏற்றுக்கொள்வது எதுவோ, அதுவே உங்களுக்குச் சரியான முறை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் முயற்சியில் அல்லாஹ் நம் அனைவருக்கும் நலத்தைத் தருவானாக.